மடுவுக்கு வந்த மான்குட்டி

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதன் கரையில் ஒரு புலி படுத்துக்கொண்டு, "இது என் மடு. கிட்டே வந்தால் கிழித்துவிடுவேன்" என்று உறுமியது.

அந்தக் காட்டில் ஓர் இளம் மைனா இருந்தது, குழந்தைகளே. அநியாயம் என்றால் அதற்குப் பொறுக்காது. அது ஆலமரத்தின் உச்சியில் ஏறி, "மடு எல்லோருக்கும் பொது!" என்று கூவியது.

கிளிகள் அதைக் கேட்டுக் கூவின. மயில்கள் அகவின. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக் கத்தின. பொழுது சாய்வதற்குள் காடு முழுவதும் அதே பேச்சு. மைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"விடிந்ததும் எல்லோரும் மடுவுக்கு வாருங்கள்! சேர்ந்து போனால் புலி என்ன செய்யும்?"

"வருவோம்! வருவோம்!" என்று திசையெல்லாம் பதில் வந்தது.

விடிந்தது. ஒரு மான்குட்டி மட்டும் வந்து நின்றது.

"மைனா அக்கா, மற்றவர்கள் எங்கே?"

"வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்றது மைனா, உச்சிக் கிளையில் இருந்தபடியே. "காது கொடுத்துக் கேள், காடே கூவுகிறது!"

மான்குட்டி கேட்டது. உண்மைதான், நாலா பக்கமும் குரல்கள். நம்பி இறங்கித் தண்ணீரில் வாய் வைத்தது.

புலிக்கு ஒரு பாய்ச்சல் போதுமாயிருந்தது.

"ஐயோ, மானே! அநியாயம்! அநியாயம்!" காடு முன்னைவிட உரக்கக் கத்தியது. மைனா மட்டும் மரத்தைவிட்டு இறங்கி, புதர் நிழலில் நின்ற காட்டெருமையிடம் போனது.

"என் குரல் உனக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டதே! நானும் உரக்கக் கத்தினேனே!"

"பிறகு ஏன் வரவில்லை?"

காட்டெருமை தலை குனிந்துகொண்டது. "இத்தனை பேர் கத்தும்போது, நான் ஒருவன் போகாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன்."

"கூப்பிட்ட நானே கீழே இறங்கவில்லை. உன்னை என்ன சொல்ல?" என்றது மைனா. "இப்போது உன் கொம்பில் உட்கார்ந்து வருகிறேன். புலி பாய்ந்தால் என்மேலும் பாயட்டும். நடப்பாயா?"

காட்டெருமை கொம்பைத் தாழ்த்தி மைனாவை ஏற்றிக்கொண்டது. பிறகு நடந்தது.

வழியில் ஒவ்வொரு மந்தையின் முன்னும் மைனா காட்டெருமையை நிறுத்தியது. கூவவில்லை, முகம் பார்த்து, "நீ வருவாயா?" என்று கேட்டது. பன்றிகள் எழுந்தன. மான்கள் வந்தன. தோளோடு தோள் உரச அவை மடுவை நெருங்கியபோது, புலி எழுந்து நின்று பார்த்தது, பல்லைக் காட்டியது. யாரும் பின்வாங்கவில்லை. அது மெல்லப் பின்வாங்கிப் புதருக்குள் மறைந்தது.

எல்லோரும் தாகம் தீரக் குடித்தார்கள். மான்குட்டியின் தாய் மட்டும் குடிக்காமல், ரத்தம் காய்ந்திருந்த மணலைப் பார்த்துக்கொண்டே நின்றது. மைனா அதன் அருகில் போய் உட்கார்ந்துகொண்டது.

நீதி: ஊரைக் கூட்டக் குரல் கொடுத்தவர், அந்தக் குரலை நம்பி வந்தவரைத் தனியே விடக் கூடாது.