மந்திரி அல்லாத பூசணித் திருடன்

வேங்கைமலை ஒரு ராஜ்யம். ராஜ்யம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு தெரு, ஒரு குளம், ஓர் அரண்மனை, அவ்வளவுதான். வடக்குத் தெருவில் ஒருவர் தும்மினால் தெற்குத் தெருவில் 'நூறு' என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் கதை எழுதிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தாண்டவராயரைக் கேட்டால் சொல்வார்.

தாண்டவராயர், ராஜா குமாரசொக்கரின் ஆஸ்தானக் கதாசிரியர். பௌர்ணமிதோறும் புதுக்கதை ஒன்றை அரண்மனை முற்றத்தில் வாசிக்க வேண்டும். ஊரே வந்து உட்காரும். கதை கேட்கவா வருவார்கள்? கதையில் வருவது யார் என்று கண்டுபிடிக்க வருவார்கள். மறுநாள் அவர் குளத்துக்குப் போனால் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு கரையேறுவார்கள். மோர்க்காரி வழிமறித்து, "அந்த மூக்கு நீண்ட மாமி நான்தானே?" என்பாள். நாவிதர் பாதி முகத்தைச் சிரைத்துவிட்டு, "இதை எழுதிடாதீங்க சாமி" என்று ஆரம்பித்து, எழுத வேண்டிய அத்தனையையும் சொல்லி முடிப்பார்.

"கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டாக்கூடக் கதவைச் சாத்துறாங்க. நீங்க பேசாம பூதம், ராட்சசன்னு எழுதக் கூடாதா?" என்று அலுத்துக்கொள்வாள் மனைவி குமுதவல்லி.

"போன வருஷம் பூதக்கதைதானே எழுதினேன்? உன் தம்பி இன்னும் என்னோட பேசலையே!"

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்புக்கு ஒரு பௌர்ணமியில் ஆபத்து வந்தது. அன்றைய கதையில் ஒரு பெரிய மனுஷர் ஊரையே விருந்துக்கு அழைக்கிறார். இலை போடும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறார். வந்தவர்கள் பரிதாபப்பட்டுத் திரும்பிப் போனதும், எழுந்து உட்கார்ந்து அத்தனை வடையையும் தானே தின்கிறார். தாண்டவராயர் சுத்தக் கற்பனையாக எழுதியதுதான். ஆனால் மந்திரி திருமேனியாரின் முகம் குங்குமமாகச் சிவந்ததைப் பார்த்ததும் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாவம், மனுஷர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் மந்திரி குதித்தார். "மகாராஜா! இந்த ஆள் என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார். ஊரை விட்டுத் துரத்துங்கள்!"

"கதையில் உம்முடைய பெயர் இல்லையே?" என்றார் ராஜா.

"பெயர்தான் இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது!"

ராஜாவுக்குத் தர்மசங்கடம். அவருக்குக் கதையும் வேண்டும், மந்திரியும் வேண்டும். "நீரே ஒரு வழி சொல்லும்" என்றார்.

"கதைக்கு முன்னால் சபையை வணங்கி அவையடக்கம் சொல்கிறாரே, அதில் என் பெயரைச் சொல்லி, 'இந்தக் கதையில் வருகிறவர் மந்திரி திருமேனியார் அல்லர்' என்று அறிவிக்க வேண்டும்."

"ஆகட்டும்" என்றார் தாண்டவராயர்.

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது மந்திரிக்குப் பிடிக்கவில்லை. "அது மட்டும் போதாது! தாமதமாக வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? கதையில் வருகிற ஆள் என்ன செய்தாலும், செய்தவர் நான் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். ஒருமுறை தவறினாலும் அன்றே ஊரைக் காலி செய்ய வேண்டும்!"

கதை சூடு பிடித்தால் எப்படியும் ஓரிடத்தில் மறந்துவிடுவார் என்பது அவர் கணக்கு. ராஜாவும் அப்படியே உத்தரவு போட்டுவிட்டார்.

குமுதவல்லி அழுதே விட்டாள். "கதை சொல்ற ஜோர்ல நீங்க சாப்பாட்டையே மறக்கிற ஆளு. இதை எங்க ஞாபகம் வெச்சுக்கப் போறீங்க?"

"நான் மறந்தாலும் ஊர் மறக்காதபடி எழுதுறேன், பாரு" என்றார் அவர். உள்ளுக்குள் அவருக்கும் உதறல்தான். என்னதான் அலுத்துக்கொண்டாலும் இந்த ஊரை விட்டால் அவருக்குக் கதை ஏது?

பௌர்ணமி வந்தது. முற்றத்தில் எள் போட இடமில்லை. மந்திரி முன்வரிசையில் மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. தாண்டவராயர் அவையடக்கம் சொன்னார், மந்திரியின் பெயரையும் சொன்னார். பிறகு ஏட்டைப் பிரித்தார்.

"ஒரு ஊரில் ஒரு பூசணித் திருடன் இருந்தான். அவன் நம் மந்திரி திருமேனியார் அல்லர்."

முற்றத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

"மத்தியான வேளையில் அவன் பக்கத்து வீட்டு வேலியில் நுழைந்தான். நுழைந்தவர் மந்திரி திருமேனியார் அல்லர். வயிறு வேலியில் மாட்டிக்கொண்டது. அது மந்திரி திருமேனியாரின் வயிறு அன்று."

இப்போது எல்லோரும் மந்திரியின் வயிற்றைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

"திமிறியதில் சாணிக்குழியில் தலைகுப்புற விழுந்தான். விழுந்தவர்..."

தாண்டவராயர் வாய் திறப்பதற்குள் முற்றமே ஒரே குரலில் முழங்கியது: "மந்திரி திருமேனியார் அல்லர்!"

மோர்க்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மந்திரியின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மந்திரி துள்ளி எழுந்தார்.

"நிறுத்தும்! போதும்!"

"எப்படி நிறுத்துவேன், மந்திரியாரே? ஓரிடத்தில் விட்டாலும் நான் ஊரை விட்டுப் போக வேண்டுமே! திருடன் இன்னும் குளத்துக்குக் குளிக்கப் போகவில்லை. அங்கே வேட்டி வேறு காணாமல் போகப்போகிறது."

"வேட்டியா!" மந்திரி ராஜாவின் காலடிக்கு ஓடினார். "மகாராஜா, அந்த உத்தரவை ரத்து செய்யுங்கள்!"

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "அது எப்படி? அப்புறம் அந்தத் திருடன் நீர்தான் என்று யாராவது நினைத்துவிட்டால்?"

"நினைக்கட்டும் மகாராஜா! அந்தத் திருடன் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நான் இல்லை என்று மட்டும் இவரைச் சொல்ல விடாதீர்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து மடியில் விழுந்தது. தம் பட்டுச் சால்வையை எடுத்துத் தாண்டவராயரின் தோளில் போட்டார்.

"உத்தரவு ரத்து. நீர் மேலே வாசியும், ஐயா. வேட்டி என்ன ஆயிற்று?"