கடலுக்குப் போன கிடை

ஒரு காலத்தில் ஆற்றுப்பாலை என்கிற நாட்டை மகரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் ஐப்பசி வெள்ளம் ஆற்றங்கரை ஆடுகளையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ராஜா கண்கலங்கி, "ஆடு பறிகொடுத்தவர்களுக்கு அரண்மனைப் பணம்!" என்றார். மறுநாளே கஜானாவைப் பார்த்துக்கொண்ட தானாதிபதி உலகளந்தார், "செத்த ஆட்டைக் காட்டினால்தான் பணம் என்று வையுங்கள் மகாராஜா. இல்லாவிட்டால் ஊரே ஆடு வளர்த்ததாகச் சொல்லும்" என்று ஓதினார். ராஜா அதற்கும் தலையாட்டினார்.

மந்திரி செண்பகராமருக்குத் தலைவலி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. இருளாயி என்று ஒரு கிடைக்காரி. இரவில் அடுத்தவர் வயலில் தன் ஆடுகளை அடைத்து, அந்த உரத்துக்குக் கூலியாக நெல் வாங்கிப் பிழைப்பவள். தை பிறந்தும் பணம் வராமல் அவர் வாசலில் வந்து நின்றாள்.

"ஆத்தோட போன ஆட்ட நான் எங்க சாமி தேடுவேன்? மொத்தமும் கடலுக்குப் போயிருச்சு. இப்ப ஆடு வாங்கலேன்னா சித்திரைக்குக் கிடை இல்ல. எம்புள்ளைகளப் பண்ணை வேலைக்கு விட வேண்டியதுதான்."

செண்பகராமர் உலகளந்தாரிடம் போனார்.

"சரி, வாலையாவது காட்டச் சொல்லுங்கள்" என்றார் உலகளந்தார்.

"வெள்ளம் வாலை மட்டும் அறுத்து வைத்துவிட்டா போகும்?"

"அவளுக்கு ஆடு இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம் ஐயா."

மந்திரிக்கு வந்த எரிச்சலில் தலைப்பாகையைக் கழற்றித் தரையில் அடிக்கலாம் போலிருந்தது. சே, இதெல்லாம் ஒரு உத்தியோகமா! பேசிப் பயனில்லை என்று திரும்பிவிட்டார்.

அடுத்த நாள் சபையில், "மகாராஜா, இந்த அறுவடையில் நல்ல விளைச்சல் கண்டவருக்குப் பொன்காப்பு போடலாமே?" என்றார். புது உத்தரவு என்றால் ராஜாவுக்குக் கேட்கவா வேண்டும்! "போட்டுவிடுவோம்!"

உலகளந்தார் துள்ளி எழுந்தார். "என் மேட்டு வயலைப் பாருங்கள் மகாராஜா! கதிர் தரையைத் தொடுகிறது."

"உரம் என்ன போட்டீர்கள்?" என்று மந்திரி சாதாரணமாகக் கேட்டார்.

"கிடைதான்! போன சித்திரை முழுக்க வயலில் ஆடுதான். புழுக்கை விழாத சாண் நிலம் கிடையாது."

"ஏழெட்டு ஆடு இருக்குமா?"

"ஏழெட்டா? முந்நூறு ஆடு ஐயா!"

"யாருடைய கிடை?"

உலகளந்தாருக்கு வேறு பெயர் சொல்லவும் வழியில்லை. அந்தப் பக்கத்தில் இருந்ததே ஒரு கிடைதான். அது சபைக்கே தெரியும்.

"இருளாயி கிடை" என்றார் கடைசியில், வாய்க்குள்ளேயே.

"அவள் பட்டி இன்றைக்குக் காலி மகாராஜா" என்றார் மந்திரி. "அவளுக்கு ஆடு இருந்ததா என்றே சந்தேகப்பட்டவர் தானாதிபதி. அந்த ஆடெல்லாம் எங்கே போயிற்று என்று அவரையே கேளுங்கள்."

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் வயலில் படுத்த ஆட்டையா இல்லையென்றாய்? முந்நூறு ஆட்டுக்கும் பணம் எடுத்து வை! காப்பு மந்திரிக்கு!"

ஆடு பறிகொடுத்த மற்றவர்களோடு சபை வாசலில் நின்ற இருளாயி, "முந்நூறு இல்ல மகராசா, இருநூத்திச் சொச்சந்தான். அவரு கூட்டிச் சொல்றாரு" என்றாள்.

மந்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். இத்தனை பாடுபட்டும் இவளுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லையே!

ராஜா, "கிடைக்கிற பணத்தையே குறைத்துக் கேட்கிறாளே!" என்று சிரித்தார். "வெளியே நிற்கிறவர்களுக்கும் அவரவர் சொல்கிற கணக்குப்படி இன்றைக்கே பணம் கொடுங்கள்" என்றார்.

"பொய் சொன்னால் மகாராஜா?" என்றார் உலகளந்தார்.

"சொன்னாலும் உன் அளவுக்குச் சொல்ல மாட்டார்கள்" என்றார் ராஜா.