மூன்றாவது கரண்டி

முதலில் ஹாரன் கேட்டது. மலை வளைவில், இரண்டு தடவை. பிறகு கியர் மாற்றி இறங்கும் பஸ்ஸின் முனகல். அதுவும் தேய்ந்து போயிற்று.

"போயிட்டான்," என்றார் மாசிலாமணி.

வேதவல்லி அம்மா சமையல்கட்டுக்குள் வந்தார். அந்த மலை ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. மாசிலாமணியைவிடப் பத்து வயது சின்னவர்.

"நாளன்னைக்கு என் மகன் மஸ்கட் போறான். இனி மூணு வருஷம் கழிச்சுத்தான் முகத்தைப் பார்க்கணும். ஒரு வேளையாவது என் கையால வயிறு நிறைஞ்சு போகட்டும்னு நெனச்சேன். பாதியில எந்திரிச்சுட்டான்."

"ம்."

"நீங்கதாம்மா சொல்லணும். பச்சைக் காய்கறியை வச்சு ஒரு ஆம்பளைக்கு ராச்சாப்பாடு போட முடியுமா, முடியாதா?"

அங்கே விளக்கு வைத்தபின் அடுப்பு மூட்டக் கூடாது. ராத்திரிக்குக் கோசுமல்லிதான். ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரி, கேரட், தேங்காய்ப்பூ.

மாசிலாமணி திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வருஷம் ராத்திரி ஷிஃப்டில் பரோட்டா அடித்தவர். ஊருக்கெல்லாம் பந்தி வைத்த கை. வீட்டில் மகன் தனபால் தாயோடு சாப்பிட்டுத் தூங்கியபின்தான் அந்தக் கை வீட்டுக்கு வரும். மனைவி இறந்தபிறகு இங்கே வந்து வெள்ளரிக்காய் நறுக்குகிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் ரோஷம்.

"என்னென்ன போட்டீங்க?"

"என்ன போடலைன்னு கேளுங்க. முளைகட்டின பயறு போட்டேன். வேர்க்கடலையை ஊறவச்சுப் போட்டேன். அதுவும் பத்தாதுன்னு கெட்டி அவல், மேலே தயிர். தண்ணி விட்டுருமேன்னு உப்பைக்கூட கடைசியிலதான் தூவினேன். கரண்டியை நட்டா நிக்கும்மா, அப்படி ஒரு கனம்."

"பையன் என்ன சொன்னான்?"

"மொதக் கரண்டியிலேயே போதும்னுட்டான்."

"நீங்க?"

"போதும்னா விட்டுருவாங்களாக்கும்? இன்னொண்ணு வச்சேன். 'ப்பா, போதும், கொஞ்சம் உக்காருங்க'ன்னான். 'இருடா, தேங்கா துருவிட்டு வந்துர்றேன்'னு உள்ளே ஓடினேன். வந்து போட்டேன். 'உக்காருங்கப்பா'ன்னான் மறுபடி. 'அவல் ஊறிருச்சு, ஒரு நிமிஷம்'னேன். 'கடையில கூட்டமா மாஸ்டர், இந்த ஓட்டம் ஓடுறீங்க?'ன்னு நக்கல் வேற. தட்டுல குமிஞ்சு கெடக்கு. அதையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் வாட்சைப் பார்த்தான்."

அம்மா தரையில் உட்கார்ந்தார். ஒரு தட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் போடுங்க."

போட்டார்.

"போதும்."

இன்னொரு கரண்டி.

அம்மா தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தார்.

"போதும்."

"இத்தனூண்டும்மா," என்று மாசிலாமணி மூன்றாவது கரண்டியைக் கவிழ்த்தார்.

அது அம்மாவின் புறங்கையில் விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை. உதறவும் இல்லை. தயிர் விரலிடுக்கில் வழிந்தது.

"போதும்னா என்ன அர்த்தம் அண்ணே?"

"இன்னும் கொஞ்சம் போடுன்னு அர்த்தம். பந்தியில உக்காந்துக்கிட்டு எவன் வாய்விட்டுக் கேப்பான்?"

"உங்க பையன் பந்திக்கா வந்தான்?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

"வயிறு நிறைஞ்சவன் பரோட்டாக் கடையில போய் ஏன் உக்காரப் போறான்? அடிவாரத்துக் கடையில மாசாமாசம் அவனைப் பார்க்கறதா பால்காரச் சடையன் சொல்றான். நாலு பரோட்டாவாம், ஆம்லெட்டாம். நான் போடுற லட்சணம் பத்தாமதானே இங்கேயிருந்து எறங்கி அங்கே போய்த் திங்கிறான்?"

"சடையன் அந்தக் கடைக்கு எப்பப் பால் ஊத்துவான்?"

"அஞ்சு மணிக்கு. அங்கே ஊத்திட்டுத்தான் இங்கே ஏறுவான். ஆறரைக்கெல்லாம் வீட்டுக்குப் போயிருவான்."

"உங்க பையன் இங்கேயிருந்து எப்ப எறங்குவான்?"

"எட்டு மணி பஸ்..."



"வர்றது?" என்றார் அம்மா.

"ஆறு மணிக்கு."

கரண்டி கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல மாசிலாமணி அங்குமிங்கும் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டா வந்தான்? வர்றப்பல்லாமா?"

அம்மா எழுந்து குழாயடியில் கையைக் கழுவினார்.

"இங்கே என்ன கெடைக்கும்னு அவனுக்குத் தெரியும்மா. அங்கேயே வயித்தை நிரப்பிக்கிட்டவன், பிறகு எதுக்கு மலையேறி வரணும்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, உங்களைத்தான் கேக்குறேன். எதுக்கு வந்தான்?"

வேதவல்லி அம்மா குழாயை மூடினார்.

"அவன் உக்காரச் சொன்னது உங்களையண்ணே. என்னையில்லை."

பஸ் போன வளைவைப் பார்த்து மாசிலாமணி வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்தார்.

நாளைக்குப் பயறு ஊறப்போட வேண்டியிருந்தது. படியால் அளந்து பாத்திரத்தில் கொட்டினார். தண்ணீர் விட்டுக் கல் அரித்தார். மேலே மிதந்த சொத்தைகளை ஒவ்வொன்றாகக் கையால் ஒதுக்கினார்.