பாரசீகப் புத்தகத்தின் முதல் படம்

வெகு காலத்துக்கு முன்னே, கடலோரத்து மணற்குடி நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் கட்டித் தழுவியவரை மத்தியானம் நாடு கடத்திவிடுவார். சாயங்காலம் அவரைக் காணோமே என்று தேடவும் செய்வார்.

ஒருநாள் குதிரைகளை ஏற்றிவந்த கப்பலில் தாராப் என்ற பாரசீக ஓவியர் வந்து இறங்கினார். தமிழில் ஒரு சொல் தெரியாது. சபையில் வணங்கி, பட்டுத்துணியைப் பிரித்து, ஒரு பெரிய புத்தகத்தை ராஜாவின் கையில் கொடுத்தார். அது ஒரு பாரசீகக் காவியம். அணில் மயிர்த் தூரிகையால் தீட்டிய குதிரைகள், மயில்நீல வானம், கடுகளவு முகத்திலும் கண்ணும் புருவமும்.

"அடடா! இவர் இனி நம் அரண்மனையிலேயே இருக்கட்டும்" என்றார் ராஜா.

ஆஸ்தான பண்டிதர் சர்வோத்தமருக்கு வயிறு எரிந்தது. தெரியாத மொழியே இல்லை என்று பேர் வாங்கியவர் அவர்.

"பண்டிதரே, கதையைப் படித்துச் சொல்லும்" என்றார் ராஜா.

பண்டிதருக்குப் பாரசீகத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. புத்தகத்தை வாங்கி, நம் பழக்கப்படி இடப்பக்க அட்டையைத் திறந்தார். முதல் படத்திலேயே சிவப்புக் கச்சை கட்டிய ராஜா ஒருவர் பாடையில் கிடந்தார், சுற்றிலும் அழுகை.

"மகாராஜா, மோசம் போனோம்! இது சூனியப் புத்தகம். எடுத்த எடுப்பிலேயே ராஜாவைச் சாகடித்திருக்கிறான் பாருங்கள்!"

ராஜாவின் முகம் கறுத்தது. "கொண்டு வாருங்கள் நெருப்பை!"

கணப்புச் சட்டி வந்தது. தாராப்புக்குப் பேச்சு புரியவில்லை, நெருப்பு புரிந்தது. பாய்ந்து புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். காவலர்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

அமைச்சர் செங்கோடனார் மெல்ல எழுந்தார். "எரிப்போம் மன்னா. எதற்காக எரித்தோம் என்று எழுதிவைக்க வேண்டாமா? பண்டிதர் முழுக்கதையையும் சொல்லட்டுமே."

ராஜா தலையசைத்தார். காவலர்கள் புத்தகத்தைப் பிடுங்கிப் பண்டிதரிடம் கொடுத்தார்கள். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இதோ, அதே சிவப்புக் கச்சை ராஜா நரைத்த தாடியோடு உட்கார்ந்திருக்கிறார்."

"செத்தவர் எப்படி எழுந்தார், பண்டிதரே?" என்று கேட்டார் செங்கோடனார்.

"அது... ஒரு மூலிகை சாப்பிட்டார்."

"அடுத்ததில் தாடி கறுத்துவிட்டதே! போரும் செய்கிறார்."

"மூலிகை வேலை செய்கிறது."

"அதற்கடுத்து?"

"கல்யாணம். இளமை திரும்பிவிட்டதல்லவா!"

"அப்புறம் மீசைகூட இல்லாமல் குதிரையேறப் பழகுகிறாரே?"

பண்டிதருக்கு வியர்த்தது. "மூலிகை கொஞ்சம் அதிகமாகிவிட்டது."

"கடைசியில் தொட்டிலில் கிடக்கிறார். இன்னும் ஒரு வேளை சாப்பிட்டிருந்தால் காணாமலே போயிருப்பார்!"

சபை சிரித்தது. ராஜாவுக்கும் சிரிப்பு வந்தது, சந்தேகமும் வந்தது.

செங்கோடனார் ஒரு தட்டில் சந்தனத்தைப் பூசித் தாராப் முன்னால் வைத்து, எழுதச் சொல்லிச் சைகை காட்டினார். தாராப் விரலால் தன் பெயரை எழுதினார், வலமிருந்து இடமாக.

"பார்த்தீர்களா மன்னா? வலப்பக்கம் தொடங்கி எழுதுகிறவர்கள் புத்தகத்தையும் வலப்பக்கமிருந்துதானே தொடங்குவார்கள்!"

ராஜா புத்தகத்தை வாங்கி வலப்பக்க அட்டையைத் திறந்தார். தொட்டில், குதிரை, கல்யாணம், போர், நரை. கடைசியாகப் பாடைப் படத்துக்கு வந்தார்.

"இவ்வளவு ஜனம் அழுகிறதே. நல்லவன் போலிருக்கிறது. நான் போனால் இத்தனை பேர் அழுவார்களா, அமைச்சரே?"

"தெரியாது மன்னா. இந்தப் புத்தகம் போயிருந்தால் ஒருவர் அழுதிருப்பார்."

ராஜா எழுந்துபோய், தன் கையாலேயே நெருப்பில் தண்ணீரை ஊற்றினார். தாராப்பின் தோளில் தம் பொன்னாடையைப் போர்த்தி, தோட்டத்து மண்டபத்தை ஓவியக்கூடமாகக் கொடுத்தார்.

பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினார். "உம்மை நாடு கடத்தத்தான் வாய் வருகிறது. வேண்டாம். தாராப்பிடம் உட்கார்ந்து எழுத்துப் படியும். கடைசிப் படத்தின் கீழே எழுதியிருப்பதை நீரே படித்துச் சொல்லும் வரை சபையில் உமக்கு ஆசனம் கிடையாது."

எட்டு மாதம் பண்டிதர் தரையில் உட்கார்ந்து படித்தார். ஒருநாள் சபைக்கு வந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்துத் தமிழில் சொன்னார்: "இவன் காலத்தில் யாரும் கதவைத் தாழிட்டு உறங்கவில்லை."

"ஆசனத்தில் அமரும்" என்றார் ராஜா.

பண்டிதர் அமரவில்லை. நேரே தாராப்பிடம் போய், தட்டுத் தடுமாறிப் பாரசீகத்தில் மன்னிப்புக் கேட்டார்.

தாராப் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்லை" என்றார் தமிழில். "உட்காருங்க."