வண்டு இரவல் வாங்கிய மூடி

அந்தக் காலத்தில், பூச்சியும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, இறக்கைக்கு மூடி அந்துப்பூச்சியிடம்தான் இருந்தது. பச்சையும் பொன்னுமாக மின்னும் கெட்டி மூடி. பறந்து முடித்ததும் தன் வெள்ளை இறக்கையை அதற்குள் மடித்து வைத்துக்கொள்வாள். பக்கத்து வாகை மரத்தில் இருந்தவளுக்குப் பொன்வண்டு என்ற பேரே அப்போது கிடையாது. வெறும் வண்டுதான்.

மழைக்கு முன்னால் வண்டு மரப்பட்டைக்குள் முட்டையிட்டாக வேண்டும். உள்ளே நுழைந்தால் இறக்கை கிழிந்துவிடும். வெளியே இட்டால் முட்டையெல்லாம் மழையோடு போய்விடும். தவித்துப்போய் அந்துவிடம் வந்தாள்.

"மதினி, உங்க மூடியைக் கொஞ்சம் தாங்களேன். முட்டையிட்டதும் கொண்டாந்து தாரேன்."

"ஏளா, இதைக் கேக்கதுக்கு இவ்வளவு கூச்சமா? எடுத்துக்கிட்டுப் போ."

அந்து உடனே கழற்றிக் கொடுத்துவிட்டாள். கரிச்சான் குருவி தினமும் அந்தப் பக்கம் இரை தேடி வரும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. நல்ல மனசுக்காரர்கள் இப்படித்தான், கொடுத்துவிட்டுப் பிறகு முழிப்பார்கள்.

வண்டு நல்லபடியாக முட்டையிட்டாள். இறக்கையில் ஒரு கீறல்கூட இல்லை. மூடியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும்போதுதான் சங்கடம் வந்தது. மல்லாத்திப் பிடித்தால் மூடியும் பாத்திரம்தானே, இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதா? கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. குடைந்த பட்டைத் தூள்தான் கிடந்தது. அதையே மூடி நிறைய அள்ளிக்கொண்டு போனாள்.

அங்கே மரத்தண்டில் அந்து வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கிறாள். மேலே கரிச்சான் இறங்கிக்கொண்டிருக்கிறது. வண்டுக்கு உயிரே போய்விட்டது. தூளை அப்படியே அந்துவின் மேல் கொட்டிவிட்டு, தான் மூடிக்குள் பதுங்கினாள்.

"இங்கதானே இருந்தா?" என்று கரிச்சான் தேடியது. அந்து இருந்த இடத்தில் பட்டைதான் தெரிந்தது. மூடியைக் கொத்திப் பார்த்தது. அலகு வலித்ததுதான் மிச்சம். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது.

வண்டு வெளியே வந்து மூடியை நீட்டினாள். "இந்தாங்க மதினி."

அந்து தன் இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டையின் நிறம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"பாத்திரத்தை நீயே வச்சுக்கோளா. நீ போட்டுக் கொண்டாந்ததே எனக்குப் போதும்."

வண்டு அங்கேயே மூடியை முதுகில் மாட்டிக்கொண்டாள்.

அன்று முதல்தான் பொன்வண்டு அந்த மூடியைத் திறந்துகொண்டு பறக்கிறாள். அந்து மூடி இல்லாமலே பட்டைமேல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தொட்டால் விரலில் ஒட்டுகிறதே ஒரு தூள், அது வெறும் பாத்திரம் கொடுக்க மனம் வராத ஒருத்தி போட்டுக் கொடுத்தது.