மாப்பிள்ளைப் பந்து

அசட்டுவிளைக் கால்பந்து அணியைப் பற்றிக் கடற்கரை ஊர்களில் மரியாதையாகத்தான் பேசுவார்கள். அப்படி ஓர் அணியோடு ஆடக் கிடைத்தால் யாருக்குத்தான் மரியாதை வராது? எத்தனை கோல் வேண்டுமோ அத்தனை போட்டுக்கொள்ளலாம்.

அவர்களுக்கு ஓடத் தெரியும். உதைக்கவும் தெரியும். வருகிற பந்தைக் காலில் அடக்கத்தான் தெரியாது. காலில் பட்ட பந்து சுவரில் பட்ட மாதிரி தெறித்து, எதிரணிக்காரன் காலடியில் போய் நிற்கும். "நாங்க பாஸ்தான் குடுத்தோம்" என்பார்கள்.

ஊர்க் கமிட்டித் தலைவர் லாரன்ஸ் ஒருநாள் அணித்தலைவன் கிளீட்டஸைக் கூப்பிட்டார்.

"லேய், ஞாயித்துக்கிழம பாறைத்துறைக்காரன்கூட ஆட்டம். ஜெயிக்கச் சொல்லல. ஒரே ஒரு கோல் போடுங்க. அதுவும் முடியாதுன்னா மைதானத்துல நெத்திலி காயப்போட விட்டுருவோம். நெத்திலியாவது ஊருக்குப் பிரயோசனப்படும்."

கிளீட்டஸ் கலங்கிப்போனான். அவன் வீட்டோடு மாப்பிள்ளை. மைதானம் போய்விட்டால் சாயங்காலமும் மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே நாகர்கோவிலிலிருந்து ஜெயசிங் என்ற பயிற்சியாளரை அழைத்துவந்தான். அவர் சற்று நேரம் ஆட்டத்தைப் பார்த்தார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"பந்து வந்தா மோதாதீங்கப்பா. கொஞ்சம் பின்வாங்கி, மெதுவா வாங்கணும். வீட்டுக்கு வர்ற புது மாப்பிள்ளய எப்படி வரவேற்பீங்க? அந்த மரியாதையோட வாங்குங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் நிம்மதியாகக் கடைசி பஸ்ஸைப் பிடித்தார். தலையாட்டலை நம்பி ஊர் திரும்பிய படித்தவர்களில் அவர் முதல் ஆளுமில்லை, கடைசி ஆளுமில்லை.

உடனே அணி கூடி ஆலோசித்தது.

"புது மாப்பிள்ளய நாம காலால தொடுவமா?" என்று கேட்டான் பனியடிமை. அவன்தான் முன்வரிசையில் ஆடுகிறவன்.

"சே, பாவம்லே."

"கையால?"

"கையால தொட்டா ஃபவுல். கும்பிட்டா ஃபவுல் இல்ல" என்றான் கிளீட்டஸ்.

கோல்கீப்பர் வியாகுலம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுந்தான். "மாப்பிள்ளய வாசல்லயே நிறுத்தி அனுப்புறது மொறயா?"

"மொற இல்ல. உள்ள கூப்பிடணும்."

"அப்ப நான் கோல்ல நின்னு தடுத்தா அது அவமரியாதயில்லா?"

இத்தனை வருஷமாகத் தாங்கள் செய்துவந்த அநியாயத்தை நினைத்து எல்லோரும் தலைகுனிந்தார்கள். வியாகுலம் மட்டும் குனியவில்லை. அவன் பெரும்பாலும் எதையும் தடுத்தவனில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாறைத்துறையில் ஆட்டம். பந்து கொண்டுபோக வேண்டியது வெளியூரிலிருந்து ஆட வரும் அணியின் பொறுப்பு. அசட்டுவிளைக்காரர்கள் தங்கள் பழைய பந்தையும், அது கிழிந்தால் மாற்றுவதற்கு ஒரு புதுப் பந்தையும் கொண்டுபோனார்கள். ஊரில் இருந்ததே அந்த இரண்டும்தான்.

ஆட்டம் தொடங்கியதும் பந்து பனியடிமையிடம் உருண்டு வந்தது. அவன் இரண்டடி பின்வாங்கி, கைகூப்பி, "வாங்க, வாங்க. பஸ்ல கூட்டமா?" என்றான். பந்து அவன் முன்னால் அடக்கமாக நின்றது. அதன் பின்னாலேயே பாறைத்துறைக்காரர்கள் மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள்.

"இவனுவ யாருலே?" என்றான் பனியடிமை.

"மாப்பிள்ள வீட்டு ஆளுங்க. வழிய விடு" என்றான் கிளீட்டஸ்.

வழிவிட்டார்கள். வியாகுலம் கம்பத்தோரம் ஒதுங்கி நின்று, வலையைக் கைகாட்டி, "உள்ள வாங்க, வெளிய நிக்கப்பிடாது" என்றான். பந்து உள்ளே போனது. அப்புறமும் போய்க்கொண்டே இருந்தது. பாறைத்துறைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கூச்சப்பட்டார்கள். இடைவேளைக்குப் பின் அவர்களும், "இருக்கட்டும், இருக்கட்டும், எதுக்கு வீண் சிரமம்" என்று சொல்லிக்கொண்டே கோல் போட்டார்கள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பாறைத்துறைக்காரர்களுக்கு அலுத்துவிட்டது. கீப்பர் உட்பட எல்லோரும் சர்பத் குடிக்க ஓரமாகப் போய்விட்டார்கள். பனியடிமையிடம் பந்து. எதிரே வெறும் கோல்.

"தள்ளுலே மக்கா" என்றான் கிளீட்டஸ். அவன் கண்முன் நெத்திலியும் மாமனாரும் மாறி மாறி வந்துபோனார்கள்.

பனியடிமை அசையவில்லை. "வந்த மாப்பிள்ளயத் தனியாவா திருப்பி அனுப்ப? பொண்ணு எங்க?"

கிளீட்டஸ் அவனை அடிக்கத்தான் கை ஓங்கினான். ஆனால் கேள்வி நியாயமானது. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

வியாகுலம் ஓடிப்போய்ப் புதுப் பந்தை எடுத்துவந்து பழைய பந்துக்கு வலப்பக்கம் வைத்தான். "இடப்பக்கம்" என்றான் ஒருவன். அதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. பிறகு பதினொரு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து வலைக்குள் தள்ளி வழியனுப்பினார்கள்.

நடுவர் விசில் ஊதினார். "ரெண்டு பந்தா? செல்லாது."

கிளீட்டஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் பார்க்க வந்திருந்த லாரன்ஸ் எழுந்து கமிட்டியைப் பார்த்தார்.

"ஒரு மூணாம் மனுசன் ஒத்துக்கிடலன்னா கல்யாணம் நடக்கலன்னு ஆயிருமா? நாம கண்ணால பாத்தோம். மைதானம் பயலுவளுக்குத்தான்."

கமிட்டி அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. யோசிக்க வேண்டிய விஷயங்களை அது எப்போதும் ஏகமனதாகத்தான் முடிக்கும்.

கிளம்பும்போது நடுவர் வலையிலிருந்து இரண்டு பந்துகளையும் எடுத்து நீட்டினார். கிளீட்டஸ் பதறிப் பின்வாங்கினான்.

"கெட்டிக்குடுத்த அன்னிக்கே பிள்ளயத் திருப்பிக் கூட்டிட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க சார்?"

அதனால் இப்போது அசட்டுவிளையில் மைதானம் இருக்கிறது, பந்து இல்லை. பயிற்சி மட்டும் ஒரு சாயங்காலமும் தவறுவதில்லை. ஓடுகிறார்கள், வாங்குகிறார்கள், கொடுக்கிறார்கள். யார் காலைவிட்டும் எதுவும் நழுவுவதில்லை. இவ்வளவு சுத்தமாக இந்த அணி ஆடிப் பார்த்ததே இல்லை என்று லாரன்ஸே சொல்கிறார்.

நேற்றுத்தான் ஒரு சங்கடம். பனியடிமை கொஞ்சம் ஓங்கி உதைத்துவிட்டான். மதிலைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போய்விட்டது. பதினொரு பேரும் தோப்பை அலசிவிட்டார்கள், அகப்படவில்லை. கிடைக்கும்வரை பயிற்சி கிடையாதாம்.