ஆடிக்கு எடுத்த வேட்டி

குமட்டும் என்று தோன்றினால் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கதை அப்படிப்பட்டது.

குளித்தலையில் மல்லிகா என்றொரு தாய். கணவர் இல்லை. ஒரே மகள் சுபாஷினியை வைகாசியில் நாமக்கல் மோகன்ராஜுக்குக் கட்டிக் கொடுத்தாள். பெண் பார்க்க வந்த அன்றே, "பையனுக்கு முன்னாடி கல்யாணம் ஏதும் ஆயிருக்கா?" என்று கூச்சத்தை விட்டுக் கேட்டிருந்தாள். பையனின் அம்மா கற்பூரத்தை ஏற்றி, "சாமி சத்தியமா இதான் முத மணமேடை" என்றாள். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆடிச் சீராக அகலச் சரிகை வேட்டி எடுக்கத் தாயும் மகளும் ஜவுளிக்கடைக்குப் போனார்கள். பில் போட்டுப் பை கைக்கு வந்த நேரம், சுபாஷினியின் போனில் இருந்த கல்யாணப் படம் கடைப்பெண்ணின் கண்ணில் பட்டது.

"இவரா? எங்க சித்தப்பா மகளக் கட்டியிருந்தவராச்சே! ஒரு பொண்ணுகூட இருக்கே."

மல்லிகா நின்ற இடத்திலேயே சம்பந்திக்குப் போன் போட்டாள். அந்த அம்மாள் சிரித்தாள். "அதான் கோர்ட்டுலயே விவாகரத்து ஆயிருச்சே! முடிஞ்சுபோனத எதுக்குச் சொல்லணும்?" மோகன்ராஜ் போனை வாங்கிக் கேட்டது ஒன்றுதான்: "ஆடிப்பெருக்குக்கு நான் வரணுமா, வேணாமா?"

சீ! சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது.

அந்தப் பக்கத்தில் ஆடிப்பெருக்கன்று புதுமாப்பிள்ளை வருவான். காவிரிக்கரையில் பெண்ணின் தாலியைப் பிரித்துப் புதுக்கயிற்றில் கோர்ப்பார்கள். ஆடி கழிந்ததும் அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். சுபாஷினியோ, "எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்" என்றாள். ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள்.

பெரியப்பா தங்கவேலு கோர்ட்டுக்கு அலைந்து பழகியவர். "கல்யாணமாகி ஒரு வருசம் ஆகாம விவாகரத்து கேக்க முடியாது, தெரியுமா? அதுவரைக்கும் ஊர் வாயில விழுவானேன்? பெருக்குக்குத் தாலியக் கோத்துக்கிட்டு, ஆடி கழிஞ்சதும் அவன்கூடப் போயி இரு. வருசம் முடிஞ்சதும் பிரிச்சுக்கலாம்."

தரகர் அங்கமுத்து குறுக்கிட்டார். "கோர்ட்டெல்லாம் எதுக்கு? ரெண்டு வீட்டாரும் பத்திரத்துல தீத்து எழுதிக்குவோம். ஆவணிக்கே வேற மாப்பிள்ளை கையில வச்சிருக்கேன்." முதல் மாப்பிள்ளையும் அவர் கையில் இருந்தவன்தான். அவர்கள் சாதியில் அப்படித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

மல்லிகாவுக்குச் சட்டம் தெரியாது. "பொய்யின்னு தெரிஞ்சப்புறம் எம்பொண்ணு அவன்கூட ஒருநாள் குடும்பம் நடத்துறதா? நெனச்சாலே கொமட்டுது. அவ இங்கதான் இருப்பா. நாளைக்கே வக்கீலப் பாத்து, ஏமாத்திக் கட்டுன கல்யாணம் செல்லாதுன்னு கேக்கப் போறோம்."

"பொம்பளப் புத்தி" என்று பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் பேச்சைக் கேட்டால் சுபாஷினி மீள்வாள்?

விடை: மல்லிகாவின் பேச்சை. பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. விவாகரத்து கேட்க, பொதுவாக ஒரு வருடம் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் ஏமாற்றிச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை ரத்துச் செய்யக் கேட்பது வேறு வழி. அதற்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஏமாற்றியது தெரிந்த ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். தெரிந்த பிறகு மனமொப்பி அவனோடு வாழ்ந்திருக்கவும் கூடாது. பெரியப்பா சொன்னபடி போயிருந்தால் இந்த இரண்டாவதில் தவறியிருப்பாள். தரகர் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்திருந்தாலோ, புருஷன் இருக்க இன்னொருவனைக் கட்டிய குற்றம் இவள் தலையில் விழுந்திருக்கும். தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில். ஆனால் கேட்கும் வழி அடைபடாமல் காத்தது ஒரு தாயின் குமட்டல். பெருக்கன்று சுபாஷினி ஆற்றுக்குப் போகவில்லை. அந்த வேட்டியைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். மல்லிகா அதை நாலாகக் கிழித்து அடுப்படி துடைக்கப் போட்டுக்கொண்டாள்.